குறைவுற்ற பொறுப்பு: சீர்திருத்த வினாவை எழுதும் முறை

"குறைவுற்ற பொறுப்பு என்ற எதிர்வாதத்தை இலங்கைச் சட்டத்தில் சேர்க்க வேண்டுமா?" மனப் பிறழ்வைக் காட்டிக் கொலைக் குற்றத்தைக் குறைக்கக் கேட்கும் வாதம் இது. யாழ்ப்பாணத்தில் தமிழ்மொழி மூலம் குற்றவியல் சட்டப் பரீட்சை எழுதுகிறவர்கள் பலர் இந்த வினாவில் முதல் பந்தியிலேயே சறுக்குகிறார்கள். இங்கிலாந்தின் சட்டத்தை எங்களுடையது போல விளக்கத் தொடங்கிவிடுவதுதான் காரணம். எங்கள் தண்டனைச் சட்டக்கோவையில் அப்படியொரு பொது எதிர்வாதம் இல்லை என்பதே முதல் வரியாக இருக்கட்டும்.

அடுத்தது எங்கள் கோவையில் உள்ள இடைவெளி. 77ஆம் பிரிவு, சித்தசுவாதீனமின்மையால் தன் செயலின் தன்மையையோ அது பிழை அல்லது சட்டவிரோதம் என்பதையோ அறிய முடியாதவரை மட்டுமே காக்கிறது. அறிந்தும் தன்னை அடக்க முடியாதவருக்கு அதில் இடமில்லை. இங்கிலாந்தின் 1960ஆம் ஆண்டுப் பேர்ன் வழக்கு பொருந்துவது இங்கேதான். கட்டுப்படுத்த முடியாத உந்துதலையும் மனப் பிறழ்வாக அந்த நீதிமன்றம் ஏற்றது. 77இன் கீழ் அதே எதிரி (குற்றஞ்சாட்டப்பட்டவர்) தோற்பார்.

பலர் தவறவிடும் வலுவான வாதம் 294ஆம் பிரிவின் 5ஆம் விதிவிலக்கில் கிடக்கிறது. பன்னிரண்டு மாதத்துக்குட்பட்ட தன் குழந்தையைப் பிரசவத்தின் பின்விளைவால் மனம் குழம்பிய நிலையில் கொன்ற தாயின் குற்றம் கொலை அல்ல என்கிறது அது. அதாவது, மனக் குழப்பம் குற்றத்தைக் குறைக்கும் என்பதை எங்கள் கோவை ஏற்கெனவே ஒப்புக்கொண்டுவிட்டது. ஒரு தாய்க்கு உண்டு, கடும் உளநோயாளிக்கு ஏன் இல்லை? 296இன் கீழ் கொலைக்கு மரண தண்டனை என்பதையும் சேருங்கள். 1976இன் பின் அது நிறைவேற்றப்படவில்லை என்றாலும், தீர்ப்பாக விதிக்கப்படுகிறது.

இங்கிலாந்தின் 1957ஆம் ஆண்டுச் சட்டத்தை 2009இல் திருத்திய வடிவத்துக்கு அரைப் பக்கம் போதும். மனச் செயற்பாட்டில் பிறழ்வு, அங்கீகரிக்கப்பட்ட மருத்துவ நிலை, கணிசமான பாதிப்பு, அந்தப் பிறழ்வே கொலைக்கு விளக்கம் தருவது என்று நான்கு படிகள். 'கணிசமான' என்பதை 'அற்பமல்லாத' என்று எழுதினால் புள்ளி போகும். 2016இன் கோல்ட்ஸ் தீர்ப்பு அதைவிடக் கூடுதலாகவே கேட்கிறது. தானாகக் குடித்த வெறி மட்டும் போதாது என்பதற்கு 2012இன் டவுட்ஸ் வழக்கு.

மற்றப் பிழை, இதை எழுதி முடித்ததும் 'ஆகவே விடுதலை' என்பது. இது பகுதி எதிர்வாதம். கொலை, கொலையாகாத ஆட்கொலையாகக் குறையும், அவ்வளவுதான். எண்பிக்கும் சுமை எதிரியிடம் என்பதையும் விடாதீர்கள். உளமருத்துவ நிபுணர் எங்கள் மேல் நீதிமன்றங்களுக்கு எளிதில் கிடைப்பாரா என்ற நடைமுறைக் கேள்வியை ஒரு பந்தியில் எழுப்பினால் விடை தனித்துத் தெரியும்.

மூன்று மணித்தியாலத்தில் நான்கு வினா என்றால் இதற்கு 45 நிமிடம். அதில் 20 நிமிடமாவது 77, 294 ஆகியவற்றுக்கு.