பழைய ரூகர் .357-ஐ .44 ஸ்பெஷலா மாத்தின அனுபவம்

என்கிட்ட இருக்கறது 1960கள் கடைசில வந்த ரூகர் பிளாக்ஹாக் ரிவால்வர், .357 மேக்னம் (மேக்னம்னா அழுத்தம் அதிகமான தோட்டா, முன்னாடி இருக்கற நம்பர் குண்டோட அகலம், சுமாரா இன்ச்ல), சைடுல மூணு ஸ்க்ரூ தெரியும்ல அந்த மாடல். இங்க பீனிக்ஸ்ல எங்க தெருவுல இருந்த ஒரு பெரியவர் வீட்ட வித்துட்டு மக ஊருக்குப் போறப்ப அவர்கிட்ட வாங்கினது. கைக்கு அவ்ளோ அடக்கமா இருக்கும், அதுக்குக் காரணமும் இருக்கு, 1973-ல நியூ மாடல் வந்தப்ப .357-யும் பெரிய ஃப்ரேமுக்கு மாத்திட்டாங்க, அதுக்கு முன்னாடி வந்ததெல்லாம் பழைய கோல்ட் (Colt) ரிவால்வர் சைஸ்ல இருக்கற சின்ன ஃப்ரேம். இந்த சின்ன ஃப்ரேம்ல .44 தோட்டா போட முடிஞ்சா எப்படி இருக்கும்ங்கறது தான் என் ஆசை. அரிசோனால ஹாவலீனா (காட்டுப்பன்னி மாதிரி ஒரு மிருகம்) வேட்டைக்குன்னு கைத்துப்பாக்கி, வில், வாய் வழியா மருந்து அடைக்கற மஸில்லோடர் மட்டும் அனுமதிக்கற சீசன் ஒன்னு உண்டு, அதுக்கு எடுத்துட்டுப் போகணும்னு நெனப்பு. .357-யே அதுக்குத் தாராளமாப் போதும், இல்லன்னு சொல்லல, ஆனா கனமான குண்டு மெதுவாப் போய் வேலைய முடிக்கறதுதான் எனக்குப் பிடிச்சது, மேக்னம் போடற அந்த சத்தமும் காதுல அறையற அதிர்வும் எனக்கு வேண்டாம்.

கன்ஸ்மித்கிட்ட, அதாவது துப்பாக்கி வேலை பாக்கறவர்கிட்ட, நான் மொதல்ல கேட்டதே .44 மேக்னம் ஆக்க முடியுமான்னுதான். எல்லாரும் இதத்தான் கேப்பாங்க போல, மனுஷன் தோட்டா போடற சுத்தற உருளை, அந்த சிலிண்டரக் கழட்டி மைக்ரோமீட்டர வச்சு சேம்பருக்கும் (ஒவ்வொரு தோட்டாவும் உக்கார்ற துளை) வெளிச்சுவருக்கும் நடுவுல எவ்ளோ இரும்பு இருக்குன்னு அளந்து காட்டினார், அப்புறம் வெளிப்பக்கம் இருக்கற சின்ன சின்னப் பள்ளத்துல விரல வச்சுக் காட்டினார். சிலிண்டரப் பூட்டி நிறுத்தறதுக்குன்னு வெட்டின பள்ளம் அது. ஆறு ரவுண்டு சிலிண்டர்ல அது பெரும்பாலும் சேம்பர் மேலயே இல்லன்னா அதுக்கு ரொம்பப் பக்கத்துல தான் வரும், சுவர்லயே மெல்லிசான எடம் அதுதான், வெடிச்சா அங்கருந்துதான் கிழிய ஆரம்பிக்கும். பெரிய தோட்டாவுக்கு மாத்தறவங்க அஞ்சு ரவுண்டு சிலிண்டரா புதுசாவே செய்யறதுக்கு இதான் காரணம், அஞ்சுன்னா பள்ளம் ரெண்டு சேம்பருக்கு நடுவுல இருக்கற கெட்டி இரும்புல விழும்.

இப்ப கணக்கப் பாருங்க. .357 மேக்னத்துக்கு அமெரிக்க ஸ்டாண்டர்டு படி அதிகபட்ச அழுத்தம் 35,000 பிஎஸ்ஐ (ஒரு சதுர இன்ச்சுக்கு இத்தன பவுண்டு). .44 மேக்னம் 36,000. .44 ஸ்பெஷல் வெறும் 15,500. துளையப் பெருசாக்கினா சுவர் மெலிசாகும், மெலிஞ்ச சுவர்ல அதே 36,000-த்தக் குடுத்தா தாங்குமான்னு பந்தயம் கட்டறது முட்டாள்தனம், ஆனா அழுத்தம் பாதிக்கும் கீழ எறங்கற ஸ்பெஷல்னா மிச்சம் இருக்கற இரும்பு போதும். அதனால மேக்னம் பண்ண மாட்டேன், ஸ்பெஷல் பண்றேன்னுட்டார். எனக்கும் அது சரின்னு பட்டுச்சு. .44 ஸ்பெஷல் 1907-ல வந்த தோட்டா, ஃபேக்டரி லோடு 246 கிரெய்ன் (சுமார் 16 கிராம்) ஈயக்குண்டு, வினாடிக்கு 755 அடி. பேப்பர்ல பாத்தா .357-ஐ விட ஆற்றல் கம்மிதான். ஆனா குண்டோட அகலமும் எடையும் வேற, வேட்டைல அத நம்பறவங்க நூறு வருஷமா இருக்காங்க. 1970கள்ல ஸ்கீட்டர் ஸ்கெல்டன்ங்கற துப்பாக்கி எழுத்தாளர் எழுதினதுக்கு அப்புறம் இந்த மூணு ஸ்க்ரூ ரூகர ஸ்பெஷலா மாத்தறது ரொம்பப் பிரபலமாச்சு, அதனால இது ஏற்கனவே பலர் நடந்த பாதை.

இதுக்கு நேர் எதிரா ஒன்னு சொல்லியே ஆகணும். பழைய .38 ஸ்பெஷல் ரிவால்வர எடுத்து சேம்பர இன்னும் கொஞ்சம் ஆழமாக்கிட்டா .357 மேக்னம் உள்ள போயிடும், விட்டமெல்லாம் ஒன்னுதான், நீளம்தான் ஏறக்குறைய ஒரு நூல் (1/8 இன்ச்) வித்தியாசம். அந்த ஒரு நூல வேணும்னேதான் நீட்டி வச்சாங்க, மேக்னம் தோட்டா பழைய .38-க்குள்ள போயிடக்கூடாதுன்னு. .38-க்கு 17,000 பிஎஸ்ஐ, மேக்னத்துக்கு அதுல ரெண்டு மடங்கு. வீட்டுலயே ரீமர் (துளையக் கடையற கருவி) வாங்கி இதப் பண்றவங்க இருக்காங்க, கையும் கண்ணும் போறது மட்டுமில்ல பக்கத்துல நிக்கறவனுக்கும் சேத்துத்தான் ஆபத்து, தயவுசெஞ்சு தொடாதீங்க.

என் துப்பாக்கிக்கு வேலை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி இன்னொன்னு பாக்கி இருந்துச்சு. இந்த பழைய மாடல்ல ஹேமர் (பின்னாடி இருக்கற சுத்தி) கீழ இருக்கறப்ப ஃபயரிங் பின் (தோட்டாவக் குத்தி வெடிக்க வைக்கற ஊசி) நேரா தோட்டா மேலயே உக்காந்திருக்கும், கீழ விழுந்து ஹேமர்ல அடிபட்டா வெடிச்சிடும், அதனாலதான் அந்தக் காலத்து ஆளுங்க அஞ்சு மட்டும் போட்டு ஹேமருக்குக் கீழ ஒரு சேம்பரக் காலியா விடுவாங்க. 1982-லேர்ந்து ரூகர் கம்பெனி இதுக்கு ட்ரான்ஸ்ஃபர் பார், அதாவது ட்ரிக்கர அழுத்தினா மட்டும் ஹேமர் அடிய ஃபயரிங் பின்னுக்குக் கடத்தற பாகம், இலவசமா மாட்டித் தராங்க. ட்ரிக்கர் சுகம் போயிடும்னு நிறைய பேர் பண்றதில்ல. நான் மொதல்ல அதத்தான் பண்ணேன், ஏன்னா பேரலும் சிலிண்டரும் மாத்தினதுக்கு அப்புறம் அனுப்பினா கம்பெனிக்காரங்க தொடுவாங்களான்னு யோசனை. திரும்பி வந்தப்ப கழட்டின பழைய பாகங்கள ஒரு சின்னக் கவர்ல போட்டுக் கூடவே அனுப்பியிருந்தாங்க, அதப் பத்திரமா வச்சிருக்கேன்.

அனுப்பறதுதான் தலைவலி. தனி ஆள் கைத்துப்பாக்கிய தபால்ல அனுப்பக் கூடாதுன்னு 1927-ல ஒரு சட்டம் வந்துச்சு, நான் அனுப்பின சமயத்துல அதான் நடைமுறை, கூரியர் கம்பெனிகளும் அப்ப லைசென்ஸ் உள்ளவங்ககிட்டருந்து மட்டும்தான் வாங்கினாங்க, அதனால உள்ளூர் டீலர் கடைல குடுத்து அவர் வழியா அனுப்ப வேண்டியதாப் போச்சு. ரிப்பேருக்குப் போன அதே துப்பாக்கிங்கறதால திரும்பி வர்றப்ப நேரா என் வீட்டுக்கே அனுப்பலாம், அதுக்கு சட்டத்துல எடம் இருக்கு. கன்ஸ்மித்கிட்ட வரிசைல நிறைய வேலை இருந்துச்சு, பல மாசம் பொறுமையா இருந்தேன், நல்ல ஆள அவசரப்படுத்த எனக்கு மனசு வரல. பிரிட்டன்ல மாதிரி இங்க கட்டாய ப்ரூஃப் டெஸ்ட் (அளவுக்கு மீறின அழுத்தத்துல சுட்டுப் பாக்கற சோதனை) கெடயாது, அதனால யார்கிட்ட குடுக்கறோம்ங்கறது ஒன்னுதான் நமக்குப் பாதுகாப்பு.

வந்ததும் நான் முதல்ல செஞ்சது சுடறது இல்ல. காலி .44 மேக்னம் கேஸ் (தோட்டாவோட வெளிக்கூடு) ஒன்ன, மருந்து, குண்டு, ப்ரைமர் (அடிபட்டதும் மருந்தப் பத்த வைக்கற அடிமூடி) எதுவும் இல்லாம, ஒவ்வொரு சேம்பரா போட்டுப் பாத்தேன். ஸ்பெஷல் கேஸ் முழுசா எறங்கிச்சு, மேக்னம் கேஸ் சரியா ஒரு நூல் வெளில நின்னுச்சு, சிலிண்டர் சுத்தவே விடல. ஆறுலயும் அப்படியே. யாரோ ஒருத்தர் என்னைக்கோ தெரியாம மேக்னத்தப் போட்டா அது உள்ள போகக்கூடாது, அதுக்குத்தான் இந்த சோதனை. பேரல்ல .44 ஸ்பெஷல்னு தெளிவாப் பொறிச்சும் வாங்கிட்டேன், .357-ன்னு போட்டிருக்கற துப்பாக்கில .44 துளை இருந்தா அடுத்து கைக்கு வாங்கறவன் குழம்பிடுவான்.

அப்புறம் இங்க பக்கத்துல இருக்கற பென் ஏவரி சுடற மைதானத்துக்குப் போய் ஃபேக்டரி தோட்டா மட்டும் வச்சு சுட்டேன். எல்லாம் குறிக்கு மேல போச்சு, அதுல ஆச்சரியம் இல்ல, கனமான குண்டு மெதுவா பேரல விட்டு வெளிய வர்றதுக்குள்ள வாய் மேல தூக்கிடும், பின் சைட்ட எறக்கினதும் சரியாயிடுச்சு. உதை தள்ளற மாதிரி இருக்கு, அடிக்கற மாதிரி இல்ல. சுட்ட கேஸ் ஒவ்வொன்னும் விரலால தள்ளினாலே வழுக்கிட்டு வந்துச்சு, ஒட்டிக்கல, ப்ரைமர் தட்டையாகல, அழுத்தம் ஜாஸ்தின்னா இதெல்லாம் நடக்கும், அதப் பாத்தப்புறம்தான் மனசு நிம்மதியாச்சு.

இந்தத் தோட்டாக்கு எல்மர் கீத்ங்கற பழைய துப்பாக்கி எழுத்தாளர் காலத்து ஹெவி லோடு (மருந்து அதிகமா அடைச்ச தோட்டா) ரெசிபி நிறைய சுத்திட்டு இருக்கு, அதுலேர்ந்துதான் .44 மேக்னமே பொறந்துச்சு. என் சிலிண்டருக்கு அதெல்லாம் கெடையாது. கன்ஸ்மித் எழுதிக் குடுத்த தாள்ல என்ன அழுத்தம் வரைக்கும்னு இருக்கு, அத துப்பாக்கிப் பெட்டிக்குள்ளயே ஒட்டி வச்சிருக்கேன்.

வெறும் .44 ஸ்பெஷல் சின்ன ஃப்ரேம்ல வேணும்னா இவ்ளோ அலைய வேண்டாம், 2009 வாக்குல ரூகரே லிப்சீஸ் டிஸ்ட்ரிபியூட்டருக்காக ஃப்ளாட்டாப் (மேல் பக்கம் தட்டையான) பிளாக்ஹாக் அப்படியே செஞ்சு விட்டாங்க, அது கெடச்சா வாங்கிக்கோங்க. யாரோ ஏற்கனவே மாத்தி வச்ச பழைய ரூகர் வாங்கறதா இருந்தா யார் பண்ணாங்கன்னு தாள் கேளுங்க, தாள் இல்லன்னா நல்ல கன்ஸ்மித்கிட்ட காட்டி அளக்கற வரைக்கும் அதுல ஒரு தோட்டா கூட போடாதீங்க.