பாதி ஒலி கீழ் ஹெட்டில் இருக்கிறது

எனது டிரம் செட்டில் தரையில் நிற்கும் பெரிய டிரம்மான 16 அங்குல ஃப்ளோர் டாமில் ஓராண்டுக்கும் மேலாக ஒரு குறை இருந்துவந்தது. அடித்தவுடன் எழும் ஒலி நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அது அடங்கத் தொடங்கும் வேளையில் அடியிலிருந்து இன்னொரு ஒலி நெளிந்தபடி மேலேறி வரும், இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டாமல் உறுமிக்கொண்டே நிற்கும். மேல் ஹெட்டில்தான், அதாவது டிரம்மின் வாயில் இழுத்துக் கட்டிய மேல் படலத்தில்தான், கோளாறு என்று எண்ணி, ஒற்றை அடுக்குக் கோட்டட் (சொரசொரப்பான பூச்சுள்ள) ஹெட்டைக் கழற்றிவிட்டு இரட்டை அடுக்கு ஹெட் ஒன்றைப் போட்டேன். பிறகு விளிம்பில் அடக்கும் வளையம் உள்ள ஒன்றைப் போட்டேன். கடைசியாக நடுவில் வட்டப் புள்ளி ஒட்டிய ஒன்றையும் போட்டுப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் அடி விழும் ஓசை மாறியது, உறுமல் மாறவில்லை. ஒருநாள் டாமைத் தலைகீழாகக் கவிழ்த்து, கீழ் ஹெட்டின் மேல் விளக்கைச் சாய்த்துப் பிடித்தபோதுதான், ஒரு லக்கின் (ஹெட்டை இறுக்கும் திருகைத் தாங்கும் பிடியின்) அருகே விளிம்பிலிருந்து உள்நோக்கி ஓடிய மூன்று மெல்லிய சுருக்கங்கள் கண்ணில் பட்டன. அந்த இடத்து டென்ஷன் ராடு என்ற இறுக்கும் திருகு, திருப்பும் கீ இல்லாமலே விரலால் சுழன்றது. டாம் கைக்கு வந்த நாளிலிருந்து அந்த ஹெட்டை நான் தொட்டதே இல்லை.

புதிய 10 மில் தடிமனுள்ள ஒற்றை அடுக்கு க்ளியர் (பூச்சில்லாத) ஹெட் ஒன்றைக் கீழே போட்டு, கழற்றி வைத்திருந்த அந்த இரட்டை அடுக்கு ஹெட்டையே மீண்டும் மேலே பொருத்தினேன். உறுமல் அன்றோடு நின்றது. அதற்குப் பிறகு ஹெட்டுகளைத் தனித்தனியாக வாங்குவதை விட்டுவிட்டு, மேலும் கீழும் சேர்ந்த இணைகளாகவே யோசிக்கத் தொடங்கினேன். அந்த யோசனையில் எனக்குத் தெளிவானவற்றையே இங்கே எழுதுகிறேன்.

1950-களின் நடுப்பகுதி வரை டிரம் செட்டில் கன்றுக்குட்டித் தோலே மாட்டப்பட்டது. காற்றில் ஈரம் ஏறினால் தளர்ந்து, வறண்டால் இறுகி, வாசிப்பவரின் பொழுதில் பாதியை அதுவே எடுத்துக்கொண்டது. சிக் எவான்ஸும், 1957-இல் தம் நிறுவனத்தைத் தொடங்கிய ரெமோ பெல்லியும் பாலியெஸ்டர் படலத்தை வளையத்தில் பொருத்தி விற்பனைக்குக் கொண்டுவந்த பிறகுதான், ஹெட்டின் தடிமனை எண்ணால் சொல்லவும் அதே தடிமனில் இன்னொன்றை வாங்கவும் வழி பிறந்தது. அந்த எண் 'மில்' என்ற அளவில் சொல்லப்படுகிறது. ஒரு மில் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஆகவே 10 மில் என்றால் கால் மில்லிமீட்டருக்குச் சற்றே கூடுதல். ரெமோவின் அம்பாசடர், எவான்ஸின் ஜி1 ஆகியவை 10 மில் கொண்ட ஒற்றை அடுக்கு ஹெட்டுகள். எம்பரர், ஜி2 ஆகியவை 7 மில் படலங்கள் இரண்டைச் சேர்த்தவை. இந்த இரண்டு வகைகளையும் கையில் பிடித்து, விரலால் சுண்டி, மாட்டி வாசித்து மனத்தில் பதித்துக்கொண்டால் மற்ற எல்லாவற்றையும் இவற்றோடு ஒப்பிட்டே புரிந்துகொள்ளலாம்.

படலத்தின் எடை கூடினால், அதே இழுவிசையில் சுருதி இறங்கும். மொத்தம் 14 மில் உள்ள ஹெட்டை 10 மில் ஹெட்டின் சுருதிக்கே கொண்டுவர வேண்டுமானால், காற்றின் சுமையைக் கணக்கில் சேர்க்காவிட்டால், ஏறத்தாழ 1.4 மடங்கு இழுவிசை தர வேண்டும். அதோடு, இரண்டு அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று உரசுவதால் அடிப்படைச் சுரத்தோடு சேர்ந்து எழும் உயர்ந்த மேல்சுரங்கள் விரைவில் அடங்கிவிடுகின்றன. எவான்ஸின் ஹைட்ராலிக் ஹெட்டில் அடுக்குகளுக்கு இடையே எண்ணெய்ப் படலம் இருப்பதும், ரெமோவின் பின்ஸ்ட்ரைப்பில் விளிம்போரம் அடக்கும் பொருள் பூசப்பட்டிருப்பதும் இதே வேலையை இன்னும் அழுத்தமாகச் செய்யத்தான்.

அடக்க வேண்டிய மேல்சுரங்கள் ஏன் இருக்கின்றன என்ற கேள்விக்கு இயற்பியலில் தெளிவான விடை உண்டு. வட்டமாக இழுத்துக் கட்டிய சீரான படலத்தின் அதிர்வெண்கள் 1, 1.59, 2.14, 2.30 என்ற விகிதத்தில் அமைகின்றன. தந்தியில் இருப்பதுபோல 1, 2, 3 என்று வருவதில்லை. அதனால்தான் டாமின் ஒலியில் சுருதி இருப்பதுபோலத் தோன்றினாலும் அது ஒரு சுரத்தில் நிலைகொள்வதில்லை. மிருதங்கத்தின் வலப்பக்கமான வலந்தலை மட்டும் எப்படிச் சுரமாகவே ஒலிக்கிறது என்பதை ஆராய்ந்த சி.வி. ராமன், நடுவே ஏற்றிய கரணை என்ற கறுப்புப் பூச்சின் எடை அந்த விகிதங்களை முழு எண்களை நோக்கி நகர்த்துகிறது என்று 1920-இல் நேச்சர் இதழில் எழுதினார். டிரம் ஹெட்டின் நடுவில் ஒட்டப்படும் புள்ளி அந்த அளவுக்கு எடையுள்ளது அன்று. இருந்தாலும் நடுவில் எடை கூடினால் ஒலி மாறும் என்ற உண்மை அங்கேயும் வேலை செய்வதை நினைக்கும்போது எனக்கு ஒரு மகிழ்ச்சி உண்டாகிறது.

இப்போது இணைக்கு வருகிறேன். மேல் ஹெட் அடியை வாங்குகிறது. ஸ்டிக் படும் ஓசையும், கைக்குக் கிடைக்கும் எதிர்விசையும் பெரும்பாலும் அதைச் சார்ந்தவை. ஆனால் ஒலி எவ்வளவு நேரம் நிற்கிறது, எந்தச் சுருதியில் நிற்கிறது என்பதைக் கீழ் ஹெட்டும் ஷெல்லுக்குள் (டிரம்மின் உருளை உடலுக்குள்) அடைபட்ட காற்றும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன. இதை நம்ப எந்தக் கருவியும் வேண்டாம். ஒரு டாமை அடித்துக்கொண்டே இடது உள்ளங்கையைக் கீழ் ஹெட்டின் நடுவில் வைத்துப் பாருங்கள்: மேலே எதுவும் மாறாதபோதும் கார்வை (ஒலியின் நீட்சி) முழுவதும் அறுந்து, அட்டைப்பெட்டியைத் தட்டியதுபோன்ற ஓசை மட்டுமே மிஞ்சும். கையை எடுத்தவுடன் டாம் மீண்டும் பேசத் தொடங்கும். அந்த வேறுபாடு முழுவதும் கீழ் ஹெட் தருவது.

ஆகவே டாமின் கீழே எப்போதும் ஒற்றை அடுக்கையே போடுவேன், 10 மில் அல்லது அதைவிட மெல்லியது. மேல் ஹெட்டில் அடித்த ஆற்றல் காற்றின் வழியே வந்துதான் கீழ் ஹெட்டை அசைக்க வேண்டும் என்பதால், அது கனமாக இருந்தால் மென்மையான அடிகளுக்கு எழும்பாது. கீழேயும் இரட்டை அடுக்குப் போட்டவர்களின் டாம்களை வாசித்திருக்கிறேன்; வலுவாக அடிக்கும்போது பரவாயில்லை என்று தோன்றும், கையைத் தளர்த்தி வாசித்தால் ஒலி ஷெல்லை விட்டு வெளியே வராது. மேலே இரட்டை அடுக்குக் கோட்டட், கீழே ஒற்றை அடுக்கு க்ளியர் என்பதே நான் பலமுறை சுற்றிவிட்டுத் திரும்பி வந்து சேர்ந்த இணை. மேல் பூச்சு மேல்சுரங்களின் கூர்மையைச் சற்றுக் குறைக்கிறது. அடியில் இருக்கும் க்ளியர் அந்த மென்மைக்குக் கொஞ்சம் வெளிச்சம் தருகிறது. பிரஷ் என்ற மெல்லிய கம்பிக் கற்றை கொண்டு வாசிப்பவருக்கும், குறைந்த ஒலியளவில் ஜாஸ் வாசிப்பவருக்கும் மேலும் கீழும் ஒற்றை அடுக்கே சிறந்தது. மேலுள்ளது கட்டாயம் கோட்டட் ஆக இருக்க வேண்டும், வழவழப்பான ஹெட்டில் பிரஷின் உரசலொலி எழாது.

எல்லா டாம்களுக்கும் ஒரே மாதிரி ஹெட் வேண்டும் என்று பலர் கொள்கையாகவே வைத்திருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. 10 அங்குல டாமில் இரட்டை அடுக்கைப் போட்டால் அதன் சிறிய பரப்புக்கு அந்த எடை அதிகமாகிவிடுகிறது, கார்வை குறுகிவிடுகிறது. 16 அங்குலத்திலோ அதே ஹெட் தேவையான கட்டுப்பாட்டைத் தருகிறது. என் செட்டில் 10 அங்குலத்துக்கு ஒற்றை அடுக்குக் கோட்டட், 12-க்கும் 16-க்கும் இரட்டை அடுக்குக் கோட்டட். மூன்றையும் வரிசையாக உருட்டி வாசிக்கும்போது ஒரே குடும்பத்து ஒலியாகத்தான் கேட்கிறது.

இணை சரியாக இருந்தும் சுருதி சேர்க்காவிட்டால் பயனில்லை. ஹெட்டைப் பேரிங் எட்ஜின் (ஹெட் அமரும் ஷெல் விளிம்பின்) மேல் நடுப்படுத்தி, எல்லா ராடுகளையும் விரலால் முடிந்தவரை முடுக்கி, பிறகு எதிரெதிராகக் கால் சுற்று, அரைச் சுற்று என்று ஏற்ற வேண்டும். ஒவ்வொரு லக்கின் எதிரிலும் ரிம்மிலிருந்து (ஹெட்டை அழுத்திப் பிடிக்கும் வளையத்திலிருந்து) ஓர் அங்குலம் உள்ளே தள்ளி ஸ்டிக்கின் நுனியால் மெல்லத் தட்டி, எல்லா இடத்திலும் ஒரே சுரம் கேட்கும்வரை விடக் கூடாது. அப்போது மறுபக்க ஹெட் அதிராதபடி டாமை மென்மையான துணியின் மேல் வைத்துக்கொண்டால் காது குழம்பாது. இரண்டு ஹெட்டுகளையும் ஒரே சுருதியில் வைத்தால் கார்வை மிக நீளமாக இருக்கும். கீழ் ஹெட்டை இரண்டு மூன்று அரைச்சுரங்கள் ஏற்றினால் ஒலி திரண்டு, சற்று முன்னதாகவே அடங்கும். மேடையில் எனக்கு இதுவே பிடிக்கும்.

ஸ்னேர் டிரம் முற்றிலும் வேறு உலகம். அதன் கீழ் ஹெட் மற்ற எந்த டிரம்மிலும் பயன்படாத அளவுக்கு மெல்லியது. வழக்கமாக 3 மில், அதாவது மில்லிமீட்டரில் பதின்மூன்றில் ஒரு பங்கு. ஸ்னேர் கம்பிகள் அதன் மேல் படிந்து கிடக்கின்றன. விரல் நுனியால் தொட்டது போன்ற அடிக்கும் அந்தப் படலம் துடித்தால்தான் கம்பிகள் பேசும். ஒருமுறை நண்பர் ஒருவர் தம் ஸ்னேரில் மென்மையான அடிகள் கேட்கவே இல்லை என்று கம்பிகளை இரண்டு முறை மாற்றிவிட்டு என்னிடம் கொண்டுவந்தார். கம்பிகளை விலக்கிவிட்டுக் கீழ் ஹெட்டை விரலால் அழுத்தினேன். டாமின் ஹெட்டைப் போலவே திண்ணென்று இருந்தது. 14 அங்குலம் என்ற அளவு ஒன்றாக இருப்பதால் யாரோ அதில் சாதாரண 10 மில் ஹெட்டை மாட்டியிருந்தார்கள். ஸ்னேரின் கீழ்ப்பக்கத்துக்கென்றே ஸ்னேர்சைடு என்று குறிப்பிட்ட ஹெட்டை மாட்டி, மேல் ஹெட்டைத் தொடாமலே, விரல் நகத்தால் ஓரத்தில் ஒரு தட்டுத் தட்டினேன். கம்பிகள் மணலைச் சிதறவிட்டதுபோலச் சலசலத்தன. நண்பர் நெடுநேரம் ஒன்றும் பேசாமல் அந்த ஓரத்தையே தட்டிக்கொண்டிருந்தார்.

அந்த மெல்லிய ஹெட்டை மறந்தும் மேலே மாட்டக் கூடாது. சில அடிகளில் கிழிந்துவிடும். ஸ்னேரின் மேலே என் தேர்வு ஒற்றை அடுக்குக் கோட்டட்தான், இதில் எனக்கு ஐயமே இல்லை. வலுவாக ராக் வாசிப்பவர்கள் இரட்டை அடுக்கை நாடுவது ஹெட் நீடித்து உழைக்கும் என்பதற்காக; அதற்கு விலையாக ஓரத்து நுண்ணொலிகளை இழக்கிறார்கள். கீழ் ஹெட்டை நன்றாக இறுக்கமாகவே வையுங்கள். தளர்வாக இருந்தால் டாம் அடிக்கும்போதெல்லாம் ஸ்னேர் தானாகவே நெடுநேரம் அரற்றும்.

பேஸ் டிரம்முக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பவர்ஸ்ட்ரோக் 3, இமாட், சூப்பர்கிக் போன்ற ஹெட்டுகள் விளிம்பில் தமக்கே உரிய அடக்கும் வளையத்தோடு வருகின்றன. அப்படியொன்றை மாட்டினால், உள்ளே கிடக்கும் தலையணையை முதலில் வெளியே எடுத்துவிட்டுக் கேளுங்கள். பெரும்பாலும் அது மீண்டும் உள்ளே போக வேண்டிய தேவை இருக்காது. முன் ஹெட்டில் நடுவை விட்டு ஓரமாக நான்கைந்து அங்குலத் துளை இருந்தால் மைக் வைக்க வசதி, ஒலியும் குறுகித் திரளும். துளையில்லாத முழு ஹெட் நீண்டு ஒலிக்கும், மிதியால் அடிக்கும் பீட்டர் கொஞ்சம் எதிர்த்தும் உதைக்கும். 18 அங்குலப் பேஸ் டிரம்மில் எனக்கு அந்த ஒலியே உயிர்.

வாசிப்பவர் உட்கார்ந்திருக்கும் இடத்திலிருந்து ஹெட்டைத் தீர்ப்பிடுவதுதான் பலர் செய்யும் பெரிய தவறு என்று நினைக்கிறேன். காதுக்கு ஒன்றரை அடி தூரத்தில் 'டங்ங்' என்று நீளும் மேல்சுரம் நமக்குத் தொல்லையாகத் தெரிகிறது. உடனே டேப்பும் ஜெல்லும் ஒட்டி அதைக் கொன்றுவிடுகிறோம். பத்தடி தள்ளி நின்றால், கிட்டாரும் பேஸ் கிட்டாரும் சேர்ந்து ஒலிக்கும்போது, அந்த மேல்சுரமே டாமை டாம் என்று அடையாளம் காட்டும் ஒலியாக இருக்கிறது. நான் இப்போது வேறொருவரை அடிக்கச் சொல்லி அறையின் மறுகோடியில் நின்று கேட்கிறேன். ஆள் இல்லாத நாளில் போனை அங்கே வைத்துப் பதிவு செய்துகொள்கிறேன். ஒரு முறைக்கு ஒரே ஒரு ஹெட்டை மட்டும் மாற்றி, மாற்றுவதற்கு முன்னும் பின்னும் அதே நான்கு தாளச் சுற்றுகளை வாசித்துப் பதிவதால், எது எதனால் நேர்ந்தது என்பதில் குழப்பம் வருவதில்லை.

மேல் ஹெட்டில் குழிகள் விழுந்தாலோ, பூச்சு நடுவில் தேய்ந்து வழுக்கை விழுந்தாலோ மாற்ற வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும். கீழ் ஹெட் அடிபடாததால் அது என்றைக்கும் புதிதாகவே இருக்கும் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. அடி படாவிட்டாலும் அது ஓயாமல் இழுபட்டு அதிர்ந்துகொண்டே இருக்கிறது, மெல்ல மெல்லத் தன் மீள்தன்மையை இழக்கிறது. மேல் ஹெட்டை மூன்று முறை மாற்றினால் ஒருமுறை கீழ் ஹெட்டையும் மாற்றுவது என்று வைத்திருக்கிறேன்; மாற்றிய தேதியை ஷெல்லின் உட்புறம் பென்சிலால் எழுதிவிடுகிறேன். அடுத்ததாக 12 அங்குல டாமின் கீழே க்ளியருக்குப் பதில் கோட்டட் ஒற்றை அடுக்கு ஒன்றை மாட்டிப் பார்க்கப் போகிறேன். ஹெட் கைக்கு வந்துவிட்டது. பழைய இணையின் பதிவையும் நேற்று எடுத்து வைத்துவிட்டேன்.