மூடுபயிரை என்று அறுப்பது?

பழமரங்களின் இடைவெளியில், மண்ணை மூடி வளர்ந்து பின் அறுத்து மண்ணுக்கே உரமாகப் போடப்படும் மூடுபயிராகத் தட்டைப்பயறு விதைத்த முதல் பருவத்தில், செடி பச்சையாக நிற்கும் ஒவ்வொரு நாளும் அருகிலுள்ள மரத்துக்குத் தழைச்சத்து, அதாவது நைட்ரஜன், போய்ச் சேர்கிறது என்றே நினைத்திருந்தேன். அதனால் காய் முற்றும்வரை விட்டுவைத்து, பயறையும் பறித்துக்கொண்டு, காய்ந்த கொடியை மட்டும் மண்ணில் போட்டேன். மரங்களில் எந்த மாற்றமும் தெரியவில்லை.

காற்றில் ஏறத்தாழ 78 விழுக்காடு நைட்ரஜன் இருந்தும் மரத்தின் வேரால் அதை நேரடியாக எடுத்துக்கொள்ள முடியாது. பயறு வகைச் செடிகளின் வேர்முடிச்சுகளில் குடியிருக்கும் ரைசோபியம் பாக்டீரியா, செடி தரும் சர்க்கரையைக் கூலியாகப் பெற்றுக்கொண்டு காற்றின் நைட்ரஜனை அம்மோனியாவாக மாற்றித் தருகிறது. அந்தச் சத்தின் பெரும்பகுதி செடியின் சொந்த இலைகளிலும் தண்டிலும் தங்குகிறது. உயிருள்ள வேரிலிருந்து மண்ணுக்குக் கசிவது சொற்பமே. காய் பிடித்த பிறகோ இலையில் சேர்ந்திருந்ததும் விதைக்குள் இழுக்கப்படுகிறது. நான் பயறு என்று பறித்துக்கொண்டு போனது, மரத்துக்குப் போயிருக்க வேண்டிய தழைச்சத்தைத்தான்.

ஆகவே பூக்கத் தொடங்கும் நிலையில் அறுத்துவிட வேண்டும். அப்போது தண்டு இளசாக இருப்பதால் விரைவில் மட்கும். முற்றிய சணப்பைப் போல நார் ஏறிவிட்டால், அதை மட்கச் செய்யும் நுண்ணுயிர்கள் மண்ணில் இருக்கும் தழைச்சத்தையே சிறிது காலத்துக்குப் பிடித்துவைத்துக்கொள்ளும். அறுத்ததை மரத்தடியில், அடிமரத்தைத் தொடாமல் மூடாக்காகப் பரப்பலாம். ஆழமாக உழுதால் மரத்தின் மேல்வேர்கள் அறுபடும் என்பதால் நான் உழுவதில்லை.

செடி உண்மையிலேயே வேலை செய்கிறதா என்று பார்க்க, ஒன்றைக் கவனமாகத் தோண்டியெடுத்து முடிச்சை நகத்தால் பிளந்தாலே போதும். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் நல்லது. வெளுத்தோ பச்சையாகவோ இருந்தால் அது உழைக்கவில்லை. முடிச்சே இல்லையென்றால், அந்தப் பயிருக்கு ஏற்ற ரைசோபியம் மண்ணில் இல்லாதிருக்கலாம்; அடுத்த முறை விதையோடு கலந்து விதைக்க வேண்டும். யூரியா தாராளமாக இட்ட மண்ணிலும் முடிச்சு குறையும். கேட்காமலே கிடைக்கும்போது செடி எதற்குக் கூலி கொடுக்கப் போகிறது?

தேர்வைப் பொறுத்தவரை, நீர் தேங்கும் இடத்துக்குத் தக்கைப்பூண்டு பொருந்தும். வேரைத் தாக்கி முடிச்சுபோல் வீங்கச் செய்யும் நூற்புழுவின் தொல்லை உள்ள மண்ணுக்குச் சணப்பு நல்லது. பூனைக்காலி வேகமாகப் படரும், ஆனால் மரத்தின் மேலும் ஏறிவிடும். எதை விதைத்தாலும் இளங்கன்றைச் சுற்றி ஒரு மீட்டராவது வெறுமையாக விட்டுவிடுங்கள், ஏனெனில் வறண்ட நாட்களில் மூடுபயிர் தண்ணீருக்கு மரத்தோடு போட்டி போடும்.

இன்னொரு பிழையும் செய்திருக்கிறேன்: ஒரு பருவத்தில் மரத்தின் காய்கள் முதிரும் நேரத்தில் மூடுபயிரை அறுத்துப் போட்டேன். அந்த நேரத்தில் தழைச்சத்து மிகுந்தால் மரம் தளிர்விடுவதில் முனையும், பழத்தின் நிறமும் மங்கும். அதனால் இப்போது மரத்துக்குச் சத்து தேவைப்படும் புதுத்தளிர்க் காலத்தை முதலில் குறித்துக்கொண்டு, மட்குவதற்குச் சில வாரங்களையும், சணப்பு பூவெடுக்க ஏறக்குறைய 45 முதல் 60 நாட்களையும் அதிலிருந்து கழித்து, விதைக்கும் நாளைக் குறிக்கிறேன்.