நசிலாய்ப் பாறைக்கு வந்த மருத்துவர்

மே 8, 2025, வியாழன்

நேற்று தடுப்பூசி நாள். ஒன்பது மாதக் குழந்தைகளுக்குத் தட்டம்மை ஊசி போட்டோம்; ஐந்து நிமிடத்தில் அழுகை ஓய்ந்துவிட்டது. இரவு, பிரிட்டிஷ் காலனிகளில் மருத்துவராகவும் ஆளுநராகவும் இருந்த வில்லியம் மெக்ரெகரைப் பற்றிப் படிக்க உட்கார்ந்தால் முதலிலேயே தட்டம்மை. 1846இல் ஸ்காட்லாந்தில் பண்ணைக் கூலியின் மகனாகப் பிறந்து, மருத்துவம் படித்து, 1875இல் பசிபிக் தீவுகளான பிஜிக்கு வருகிறார். அந்த ஆண்டுதான் அங்கே தட்டம்மை புகுந்து ஏறக்குறைய 40,000 பேரை வாரிக்கொண்டு போயிருந்தது. தூக்கம் வரவில்லை.

மே 11, ஞாயிறு

1884லும் மே 11 ஞாயிற்றுக்கிழமைதான். கல்கத்தாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகள் ஏறத்தாழ 500 பேரை ஏற்றிவந்த 'சிரியா' கப்பல், அன்றிரவு பிஜியின் நசிலாய்ப் பவளப்பாறையில் மோதியது. மறுநாள் பிஜியின் தலைநகர் சுவாவிலிருந்து ஆட்களைத் திரட்டிக்கொண்டு மெக்ரெகர் போனார். உடைந்து கிடந்த கப்பலை ஒவ்வோர் அலையும் அடித்து நொறுக்க, அதற்குள் இறங்கிப் பலரைக் காப்பாற்றினார். 59 பேர் இறந்தார்கள்.

தனக்குத் தெரியாத மொழியில் எழுந்த கூக்குரலும், பயத்தில் சாம்பல் பூத்த கரிய முகங்களும் கெட்ட கனவுபோலத் தன்னை விடவில்லை என்று பிறகு எழுதியிருக்கிறார். சென்னையிலிருந்து பிஜிக்குக் கூலிக்கப்பல் போகத் தொடங்கியது 1903இல்தான். இருந்தும் அந்தக் கூக்குரல் எனக்குப் புரிகிற மொழியில்தான் கேட்டது.

மேலிடத்துக்கு அனுப்பிய அறிக்கையில் தான் செய்ததைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை. மற்றவர்கள் சொல்லித்தான், உயிர்காத்த வீரத்துக்குத் தரும் ஆல்பர்ட் பதக்கம் வந்தது. நாளெல்லாம் பதிவேடு எழுதுகிறவள் நான். எங்கள் வேலையில் பதிவேட்டில் ஏறாதது நடக்காததற்குச் சமம். அந்த மௌனத்தை விட்டு அடுத்த பக்கம் போக வெகுநேரம் ஆயிற்று.

மே 13, செவ்வாய்

1888இல் பிரிட்டிஷ் நியூகினியின் (இன்றைய பப்புவா நியூகினியின் ஒரு பகுதி) நிர்வாகி. மறு ஆண்டு 4,000 மீட்டருக்கு மேற்பட்ட விக்டோரியா சிகரத்தில் ஏறினார். ஆயுதப் போலீஸை வைத்து ஆண்டதும் அங்கேதான். இந்தப் பகுதியில் எனக்கு மனம் ஒட்டவில்லை. அவர் சேர்த்த ஆயிரக்கணக்கான பொருட்கள் பிரிஸ்பேன் அருங்காட்சியகத்துக்குப் போயின. ஒரு பகுதி பின்னாளில் பப்புவா நியூகினிக்குத் திரும்பியது. மிச்சமும் திரும்ப வேண்டும்.

மே 14, புதன்

1899இல், இன்றைய நைஜீரியாவில் உள்ள லாகோஸின் ஆளுநர். கொசு வழியாக மலேரியா வருவதை ரொனால்ட் ராஸ் இந்தியாவில் நிரூபித்துச் சில ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. மெக்ரெகர் சதுப்பைத் தூர்த்தார், கால்வாய் வெட்டினார், கொய்னா கொடுத்தார். வெள்ளைக்காரர்களை மட்டும் தனியே குடிவைத்துக் காப்போம் என்ற யோசனையை அவர் ஏற்கவில்லை. ஊர் முழுக்கக் கொசுவை ஒழிக்க வேண்டும் என்றார். மருத்துவராகவே ஆண்டிருக்கிறார்!

சாயங்காலம் மழை விட்டதும் தெருவில் இறங்கினோம். ஒரு வீட்டுக் கொல்லையில் கொட்டாங்குச்சியைக் கவிழ்த்தேன். சிமெண்டுத் தரையில் புழுக்கள் துள்ளித் துள்ளி அடங்கின.