செக்ரோலில் விழாத பேர்

இலங்கையின் தேயிலைத் தோட்டத்தில் ஒரு நாள் வேலையை 'ஒரு பேர்' என்போம். காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்களத்தில் நின்று, மலைக்குப் போய், கொழுந்து நிறுத்துவிட்டு வந்தால் ஒரு பேர். பாதியில் திரும்பினால் அரைப்பேர். நுவரெலியா மாவட்டத்துத் தோட்டமொன்றின் ஒபிசில் இருபது வருடத்துக்கு மேல் செக்ரோல், அதாவது பேர்களைக் குறிக்கிற பதிவேடு, எழுதியவன் நான். யார் வீட்டில் கல்யாணம், எந்த வீட்டில் குடி, யாருக்கு மாசம் ஏறியிருக்கிறது என்பதெல்லாம் யாரும் சொல்லாமலே அந்தக் கட்டங்களில் தெரிந்துவிடும் என்று பெருமையடித்துத் திரிந்தவன். ஏழாம் நம்பர் லயத்து (தொழிலாளர் வரிசை வீட்டு) பெண் ஒருத்தி அந்தப் பெருமையைக் கெடுத்தாள்.

2017ஆம் வருடம். கொழுந்தில் நல்ல கை அவளுக்கு. மாதம் 22 பேருக்குக் குறையாமல் போடுகிறவள் ஒரு மாதம் 17க்கு இறங்கினாள். கூப்பிட்டுச் சத்தம் போட்டேன். காரணம் இருந்தது. 2016 ஒக்டோபரில் கையெழுத்தான கூட்டு ஒப்பந்தப்படி நாட்சம்பளம் 730 ரூபாய் என்று ஊரெல்லாம் பேச்சு. ஆனால் அதில் அடிப்படைச் சம்பளம் 500தான். 60 வரவுக் கொடுப்பனவு, 140 உற்பத்திக்கு, 30 விலைப் பங்கு. வேலை கொடுத்த நாட்களில் 75 வீதம் வந்தால்தான் அந்த 60. அந்த மாதம் 24 நாள் வேலை, 18 நாள் வந்திருக்க வேண்டும். ஒரே ஒரு பேர் குறைந்ததால் மற்ற 17 நாளுக்கும் சேர்த்து 1,020 ரூபாய் போயிற்று.

"இன்னும் ஒரு நாள் வந்திருந்தா என்னம்மா? கணக்குத் தெரியாதா உனக்கு?"

"தெரியும் ஐயா. அன்னைக்குத்தான் எங்கம்மா தேயிலைக்குள்ள காணாமப் போனாங்க."

அம்மாவை எனக்குத் தெரியும். அவருடைய சேமலாப நிதிக்கும் சேவைக்காலப் பணத்துக்கும் கடிதம் எழுதிக் கொடுத்ததே நான்தான். வேலை நின்று பல வருடம் கழித்தும் விடியற்காலை ஐந்து மணிக்கு இடுப்பில் கொழுந்தெடுக்கப் போகிறவர்கள் கட்டும் படங்குத் துணியைக் கட்டிக்கொண்டு பெரட்டுக்களத்துக்கு வந்து நிற்பார். வேலையை மேற்பார்க்கிற கணக்கப்பிள்ளை நல்ல மனுஷன். "பேர் போட்டாச்சு பாட்டி, வீட்டுக்குப் போங்க" என்பார். பாட்டியும் திரும்பிப் போவார், ஆனால் வீட்டுக்கல்ல. தான் இளவயதில் கொழுந்தெடுத்த மலையைத் தேடி. அந்த மலையில் எப்போதோ தேயிலையைப் பிடுங்கி டர்பன்டைன் மரம் வைத்துவிட்டார்கள்.

லயத்தில் இதற்குப் பேய் என்றார்கள், வயசுக் கோளாறு என்றார்கள். எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வந்திருந்த யாழ்ப்பாணத்து ஆசிரியர் 'அறளை பெயர்ந்துவிட்டது' என்றார். நல்ல சொல்தான், ஆனால் அதுவும் இது டிமென்ஷியா என்கிற மறதி நோயென்று சொல்லவில்லை. ஆகவே முதல் செலவு பேயோட்டுகிற கோடாங்கிக்குப் போயிற்று. பிறகுதான் பெரியாஸ்பத்திரி. வைத்தியம் இலவசம். ஆனால் கிளினிக் நாளில் மகளுக்கு ஒரு பேர் போகும். அம்மாவை பஸ்ஸில் ஏற்ற முடியாதபடியால் ஆட்டோ. பாட்டியிடம் இன்றைக்கு என்ன திகதி என்று கேட்டார்களாம். அவர் வாழ்நாளில் எப்போது திகதி பார்த்தார்? சம்பள நாளும் அட்வான்ஸ் நாளும்தான் அவருக்குத் தெரிந்த காலண்டர். அதைக் கேட்டிருந்தால் மறதி எவ்வளவென்று தெரிந்திருக்கும். எழுதப் படிக்கத் தெரியாதவரிடம் ஒரு வசனம் எழுதச் சொன்னதையும் மகள் சொல்லிச் சிரித்தாள்.

அடுத்தடுத்த மாதங்களில் அவள் 15 பேரில் நின்றாள். ஒருநாள் ஒபிசில் வேலை முடிந்த பின் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். உற்பத்திப் பணத்தை விட்டுவிடுவோம். 22 பேருக்கு 590 ரூபாய் வீதம் 12,980. 15 பேருக்கு 530 வீதம் 7,950. நாள் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு, சம்பளம் குறைந்தது கிட்டத்தட்ட ஐந்தில் இரண்டு பங்கு. வராத நாளுக்குத் தோட்டம் போட வேண்டிய 12 வீத சேமலாப நிதியும் 3 வீத நம்பிக்கை நிதியும் இல்லை. அதாவது அம்மாவின் முதுமைக்கு மகள் தன் முதுமையிலிருந்தும் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். செக்ரோலில் இதற்கெல்லாம் ஒரே அடையாளம், வெறும் கட்டம். குடித்துவிட்டுப் படுத்தவனுக்கும் அதே வெறும் கட்டம்தான்.

பிற்பாடு உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கொன்றைப் படித்தேன். 2019இல் இந்த நோயால் உலகத்துக்கு ஏற்பட்ட செலவு 1.3 லட்சம் கோடி டொலர். அதில் ஏறக்குறைய பாதி, வீட்டுக்காரர் சம்பளமில்லாமல் பார்க்கிற பராமரிப்புக்குப் போட்ட விலை. ஒரு நாளைக்குச் சராசரி ஐந்து மணித்தியாலமாம், அந்த நேரத்தில் 70 வீதம் பெண்களுடையதாம். லயக் காம்பராவில் இரவு கதவைத் திறந்துகொண்டு வெளியே போகிறவரை மறித்துப் படுப்பதை எந்த மணித்தியாலத்தில் சேர்ப்பார்கள் என்று தெரியவில்லை. சரி, யாரோ விலையாவது போட்டார்களே.

அவள் ஒரு வழி கண்டுபிடித்தாள். வேலைக்குப் போகிற தாய்மார் பிள்ளைகளை விட்டுப்போகிற பிள்ளைக் காம்பராவின் ஆயம்மாவிடம் கெஞ்சி, காலையில் அம்மாவை அங்கே விட்டுவிட்டு மலைக்குப் போனாள். இரண்டு நாள் நன்றாகத்தான் போயிற்று. பாட்டி மூலையில் உட்கார்ந்து தொட்டில் ஆட்டினார், பிள்ளைகளோடு சோறு தின்றார். மூன்றாம் நாள் யாருடைய கைப்பிள்ளையையோ தூக்கிக்கொண்டு, பால் கொடுக்கிற நேரமாகிவிட்டதென்று மலைக்கே நடந்துவிட்டார். பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை. சேர வேண்டிய தாயிடம்தான் கொண்டுபோய்ச் சேர்த்தார் என்பது வேறு கதை. ஆனால் தோட்டத்தை நடத்துகிற துரையின் காதுக்கு எட்டி, அன்றோடு நின்றது. துரையைக் குறை சொல்ல முடியாது. ஆனால் யோசித்துப் பாருங்கள். பிள்ளைக் காம்பராவைத் தோட்டங்கள் தருமத்துக்கா கட்டின? தாயின் இரண்டு கையும் கொழுந்துக்கு வேண்டும், அதற்காகக் கட்டின. மகளின் கையும் கொழுந்துக்கு வேண்டியதுதானே? பாட்டிகளுக்கென்று ஒரு காம்பராவும் ஒரு ஆயம்மாவும் என்றால், போகிற பேர்களோடு ஒப்பிட அது பெரிய செலவில்லை. இதை ஒபிசில் ஒருமுறை வாய்விட்டுச் சொன்னேன். சிரித்தார்கள். நானும் அதை எழுத்தில் கொடுக்கவில்லை. அது என் தப்பு.

2018 கடைசியில் அவள் பேரை வெட்டிக்கொள்ளச் சொல்லி வந்தாள். தோட்டத்தில் பேர் இல்லாத குடும்பம் லயத்தில் இருப்பது சிக்கல். ஆகவே கொழும்பில் கடையொன்றில் நின்றுகொண்டிருந்த மகனை வரவழைத்தாள். இருபது வயது. காலில் நல்ல சப்பாத்து. தேயிலைச் செடியைக் கழிக்கிற கவ்வாத்துக் கத்தி பிடித்துப் பழக்கமில்லை என்று சொல்லிக்கொண்டே நின்றான். அம்மாவின் நம்பருக்குக் கீழே அவன் பேரைப் பதிந்தேன். அடுத்த நாள் பெரட்டுக்களத்தில் அவனுக்கு முன்னால் படங்கு கட்டிப் பாட்டி நின்றார். கணக்கப்பிள்ளை முதலில் அவருக்குப் பேர் போட்டதாகச் சொல்லிவிட்டுத்தான் பேரனைக் கூப்பிட்டார்.