திங்கட்கிழமை தில்லி

ஜனவரி 9, வெள்ளி

கும்பகோணத்துப் பெரியப்பாவும் பெரியம்மாவும் காசி, பிரயாகை முடித்துக்கொண்டு ஞாயிறு காலை இங்கே வந்து இறங்குகிறார்கள். திங்கள் இரவு சென்னைக்கு வண்டி. பொங்கலுக்கு வீட்டில் இருந்தாக வேண்டும், கணுவுக்குப் பெண் வருகிறாள் என்று போனில் சொல்லும்போதே பெரியம்மா குரலில் அவசரம்.

பெரியப்பா கேட்டது ஒன்றே ஒன்று: சாணக்கியபுரி ரயில் மியூசியம். ரயில்வேயில் தண்டவாளம் பராமரிக்கிற கேங்மேனாகச் சேர்ந்து மேஸ்திரியாக ஓய்வு பெற்றவர். மீட்டர் கேஜ் காலத்து ஆள். பாட்டியாலா சமஸ்தானத்தில் 1907இல் ஓட ஆரம்பித்த ஒற்றைத் தண்டவாள ரயிலின் என்ஜின் அங்கே இருக்கிறது என்று யாரோ அவர் காதில் போட்டிருக்கிறார்கள். சரி, ஞாயிறு அதற்கு.

திங்கள்தான் யோசனை. ஊரிலிருந்து வருகிறவர்களுக்குத் தில்லியில் ஒரு நாள் மிஞ்சினால், எப்படியோ அது திங்களாகத்தான் அமைகிறது. செங்கோட்டை, அக்ஷர்தாம், தேசிய அருங்காட்சியகம், தாமரைக் கோயில் எல்லாவற்றுக்கும் திங்கள் விடுமுறை. ரயில் மியூசியத்துக்கும் அப்படியே. கடைத்தெருவுக்காவது போகலாம் என்றால் சரோஜினி நகர், கரோல் பாக் இரண்டும் அன்றுதான் வார விடுமுறை. ஜனவரியில் குடியரசு தின ஏற்பாடுகள் வேறு. இந்தியா கேட் பக்கம் எந்தச் சாலையை எப்போது அடைப்பார்கள் என்று போய் நின்றால்தான் தெரியும்.

ஜனவரி 10, சனி

கீழ் வீட்டு மாமி ஒரு பட்டியல் எழுதிக் கொடுத்தார். எட்டு இடம், ஒரே நாளில், டாக்ஸி வைத்துக்கொண்டு. மாமிக்கு நல்ல மனசு. ஆனால் ஏப்ரலுக்கு எழுதிய பட்டியல் அது.

என் கணக்கு வேறு. இந்த வாரம் இங்கே சூரியன் எழுவது 7.15க்கு, விழுவது 5.45க்கு. உச்சி வேளையில்கூட அடிவானத்திலிருந்து 40 டிகிரி உயரம்தான் ஏறும்; கும்பகோணத்தில் அதே நாளில் 57 டிகிரி. அந்த நாற்பது டிகிரி வெயிலும் பனிமூட்டத்தைப் பிய்த்துக்கொண்டு கீழே வருவதற்குள் மணி பதினொன்று ஆகிவிடும். நாலரைக்கு மேல் மறுபடி எலும்பைத் துளைக்கும் குளிர். ஆக, திறந்தவெளியில் நிற்கக் கிடைப்பது ஐந்தரை மணி நேரம். அதற்குள் இரண்டு இடம் போகலாம், மூன்றாவது இடத்தில் சாப்பிடலாம். எழுபது வயதுக்காரர்களை வைத்துக்கொண்டு அதற்கு மேல் ஆசைப்பட்டால் காரின் கண்ணாடி வழியாகத்தான் தில்லியைப் பார்க்க வேண்டும்.

பரணிலிருந்து கம்பளி, குரங்குக் குல்லா எல்லாம் இறக்கி மொட்டை மாடியில் போட்டேன். வெயில் இல்லை. சும்மா கிடந்தன.

ஜனவரி 11, ஞாயிறு

காலையில் வர வேண்டிய வண்டி சாயங்காலம் வந்தது. மியூசியம் போச்சு. நான்தான் பொருமிக்கொண்டிருந்தேன், பெரியப்பா வெகு உற்சாகமாக இறங்கி வந்தார். வாழ்நாளில் பார்க்காத பனிமூட்டத்தை ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து பகல் முழுக்கப் பார்த்திருக்கிறார்.

ராத்திரி சப்பாத்தியைத் தட்டில் வைத்துக்கொண்டு பாடம் ஆரம்பமானது. சிக்னல் கண்ணுக்குத் தெரியாத பனியில், சிக்னலுக்கு 270 மீட்டர் முன்னால் தண்டவாளத்தின் மேல் இரண்டு டெட்டனேட்டரைப் பத்து மீட்டர் இடைவெளியில் கட்டி வைப்பார்களாம். ஷூ பாலிஷ் டப்பா மாதிரி ஒரு வட்டத் தகரம், உள்ளே மருந்து. சக்கரம் ஏறினால் பட்டாசுச் சத்தம். சத்தம் கேட்டதும் டிரைவர் சிக்னலைத் தேட ஆரம்பிப்பார். இப்போது ஜி.பி.எஸ். கருவி ஒன்று என்ஜினிலேயே இருந்து, அடுத்த சிக்னல் இவ்வளவு தூரத்தில் என்று சொல்லிவிடுகிறது.

“நாங்க எப்பவும் பையில வெச்சிருப்போம். பனிக்கு இல்ல. லைன்ல ஏதாவது உடைஞ்சு கிடந்தா வண்டியை நிறுத்தணுமே, அதுக்கு. நான் சர்வீஸ்ல பனிக்குன்னு ஒண்ணுகூட வெச்சதில்ல” என்றார். குரலில் ஒரு குறை தெரிந்தது.

பெரியம்மாவிடம், காசியில் என்ன விட்டீர்கள் என்று கேட்டேன். அவர் விட்டது சீத்தாப்பழமும் புடலங்காயும். பெரியப்பா காலிஃப்ளவரை விட்டிருக்கிறார். கும்பகோணத்தில் அது ஒரு பொருட்டே இல்லை என்று தந்திரமாகத் தேர்ந்தெடுத்ததாம். ஜனவரியில் தில்லிக்கு வருகிறவர் விடுகிற காயா அது! அடுப்பில் உருளைக்கிழங்கும் காலிஃப்ளவரும் போட்ட ஆலு கோபி தயாராக இருந்தது. அவருக்கு மட்டும் அவசரமாகக் கத்தரிக்காய் வதக்கினேன்.

ஜனவரி 12, திங்கள்

காலை எட்டரைக்கு எதிர்வீட்டு மதில் தெரியவில்லை. நடந்து போகிற தூரம்தானே என்று மலை மந்திருக்குக் கிளம்பினோம். பெரியப்பாவுக்கு அதில் அவ்வளவு இஷ்டமில்லை. “சாமிமலைக்குப் பக்கத்துல பொறந்தவன் நான். இரண்டு நாள் ரயில்ல வந்து அதே சுவாமிநாதனையா பார்க்கணும்?” என்றார். பெரியம்மா பதிலே சொல்லாமல் முன்னால் நடந்தார்.

1973இல் கும்பாபிஷேகம் ஆன கோயில். ராமகிருஷ்ணபுரத்தில் இருக்கிற தமிழர்களுக்கு ஏறக்குறைய இதுதான் ஊர்ச் சத்திரம், கல்யாண புரோக்கர் ஆபீஸ், எல்லாம். ‘யாமிருக்க பயமேன்’ என்ற எழுத்து பனியில் பாதிதான் தெரிந்தது. கருங்கல் படியில் வெறுங்காலை வைத்ததும் பெரியப்பா ஒரு துள்ளுத் துள்ளினார். மார்கழி கடைசி வாரம் என்பதால் சூடாகப் பொங்கல் கிடைத்தது. அதைத் தொன்னையோடு கன்னத்தில் வைத்துக்கொண்டார். அதற்கப்புறம் முருகனைப் பற்றிப் பேச்சில்லை.

பத்தரைக்கு மெட்ரோ. ஹவுஸ் காஸில் மாறி குதுப் மினார் ஸ்டேஷன், அங்கிருந்து ஆட்டோ. எதிர்பார்த்தபடி பதினொன்று தாண்டித்தான் வெயில் வந்தது. மினார் மேலிருந்து தெரிய ஆரம்பித்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே வந்தது. 72.5 மீட்டர். உள்ளே 379 படி, ஆனால் ஏற முடியாது. 1981 டிசம்பரில் விளக்கு அணைந்து, நெரிசலில் 45 பேர் செத்துப்போன பிறகு உள்ளே போக அனுமதியில்லை. பெரியம்மா இதைக் கேட்டு உச்சுக் கொட்டினார், கூடவே ஏற வேண்டாம் என்கிற நிம்மதியும் முகத்தில். அவர் பார்வை பக்கத்து மசூதியின் தூண்களில் போய் நின்றது. நம் கோயில்களில் பார்க்கிற அதே மணி, அதே சங்கிலி. 27 கோயில்களின் கற்கள் என்று கிழக்கு வாசல் கல்வெட்டே சொல்கிறது.

பெரியப்பா இரும்புத் தூணை விட்டு நகரவில்லை. 7 மீட்டருக்குச் சற்று மேல் உயரம், 6 டன்னுக்கு மேல் எடை, 1,600 வருஷம். சந்திரன் என்ற அரசனின் பெயர் அதில் வெட்டியிருக்கிறது. இரண்டாம் சந்திரகுப்தன் என்று பெரும்பாலான அறிஞர்கள் கொள்கிறார்கள். கட்டிப்பிடிக்கிறேன் என்று ஜனங்கள் தேய்த்துத் தேய்த்து அடிப்பக்கம் பளபளப்பாகிவிட்டதால் 1997இல் வேலி போட்டார்கள். வேலிக்கு இந்தப் பக்கம் நின்று மேலும் கீழுமாகப் பார்த்தார். துரு பார்த்தே நாற்பது வருஷம் சம்பளம் வாங்கியவர்.

“எப்படிம்மா இது?”

கான்பூர் ஐ.ஐ.டி.யில் இருந்த பாலசுப்ரமணியம் இதை ஆராய்ந்து எழுதியிருக்கிறார். படித்ததைச் சொன்னேன். அந்தக் காலத்தில் கரியைப் போட்டு இரும்பு எடுத்தார்கள், சுண்ணாம்புக்கல் சேர்க்கவில்லை. அதனால் பாஸ்பரஸ் கசடோடு போகாமல் இரும்பிலேயே தங்கிவிட்டது, சுமார் கால் சதவீதம். மழையும் வெயிலும் மாறி மாறிப் பட, அந்தப் பாஸ்பரஸ் மேல்பக்கத்தில் மெல்லிய பாஸ்பேட் படலமாக உட்கார்ந்து துருவை மேற்கொண்டு உள்ளே விடாமல் தடுக்கிறது.

பெரியப்பா உடனே ஒத்துக்கொள்ளவில்லை. “பாஸ்பரஸ் எங்களுக்கு விரோதிம்மா. தண்டவாளத்துல அது கூடினா, குளிர்ல இரும்பு கண்ணாடியாட்டம் பட்டுனு போயிடும். அதனாலதான் வடக்க குளிர்காலத்துல ராத்திரி முழுக்க லைன் மேல நடந்து விரிசல் பார்ப்பாங்க.” கொஞ்சம் யோசித்துவிட்டு, “தூண் மேல வண்டி ஓடலையே. சும்மா நிக்கறவனுக்கு பாஸ்பரஸ் நல்லதுதான்” என்று தீர்ப்புச் சொன்னார். பக்கத்தில் பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டி வந்த ஒரு டீச்சர் எங்கள் தமிழைக் கேட்டுவிட்டு, மதுரையா என்றார். கும்பகோணம் என்றதும் அவருக்குத் திருவாரூர். அப்புறம் பத்து நிமிஷம் போனது தெரியவில்லை.

மதியம் அதே மஞ்சள் லைனில் படேல் சௌக். ஜந்தர் மந்தருக்கு வெயில் இருக்கும்போதுதான் போக வேண்டும். நிழல் விழாவிட்டால் அது வெறும் காவிக் கட்டடம். ஜெய்சிங் ராஜா 1724இல் கட்டிய வானாய்வுக் கூடம். நடுவில் இருக்கும் பெரிய சூரியக் கடிகாரமான சாம்ராட் யந்திரத்தின் சரிவு, தில்லியின் அட்சரேகைக்குச் சமமாக 28 டிகிரிச் சொச்சம். அந்தச் சரிவுச் சுவரின் நிழல் இரண்டு பக்க வளைவுகளிலும் நகர்வதுதான் மணி. கோடுகள் மங்கிவிட்டன, சுற்றிலும் உயரக் கட்டடங்கள். ஆனாலும் விஷயம் புரிகிறது.

பெரியப்பா தன் எச்.எம்.டி. வாட்ச்சைப் பார்த்தார். இரண்டு மணி. நிழல் கணக்கு ஒன்றரை என்றேன். அவருக்குப் பொறுக்கவில்லை, எது தப்பு என்றார். இரண்டும் சரிதான். நம் கடிகாரம் 82.5 டிகிரி தீர்க்கரேகைக்கு ஓடுகிறது. தில்லி அதற்கு ஐந்து டிகிரி மேற்கே, அதில் 21 நிமிஷம். ஜனவரி நடுவில் சூரியனே எட்டு நிமிஷம் போலப் பின்தங்குகிறது. அதனால் இன்று இங்கே உச்சிப்பொழுது பன்னிரண்டரைக்குத்தான்.

இன்னொன்றும் சொன்னேன். 1906இல் இந்தியாவுக்குப் பொது நேரம் வருவதற்கு முன்னால், ரயில்களெல்லாம் மெட்ராஸ் நேரத்தில்தான் ஓடின. மெட்ராஸ் வானாய்வுக் கூடம் கணித்த நேரம். தில்லி ஸ்டேஷனில் வண்டி கிளம்புவதும் அதன்படிதான். பெரியப்பா முகத்தைப் பார்க்க வேண்டுமே! மியூசியம் போனதற்கு இது ஈடு என்று அவரே சொன்னார். பெரியம்மா புல்லில் சால்வையை விரித்துத் தூங்கிக்கொண்டிருந்தார். தில்லியின் குளிர்காலத்தை அவர்தான் சரியாக அனுபவித்தார் என்பது என் கட்சி.

மூன்றரைக்கு பங்களா சாகிப் குருத்வாரா. எட்டாவது குரு ஹர்கிஷன் 1664இல் தங்கியிருந்த மாளிகை இருந்த இடம். தலையை மூடிக்கொண்டு, கால் கழுவிக்கொண்டு உள்ளே போக வேண்டும். சலவைக்கல்லின் குளிர், காலையில் மிதித்த கருங்கல்லைத் தோற்கடித்தது. லங்கர் என்கிற இலவசப் பந்தியில் எல்லோரோடும் தரையில் உட்கார்ந்தோம். ரொட்டியை இரண்டு கையாலும் ஏந்தி வாங்க வேண்டும். பருப்பு வந்தது, அடுத்த வாளியில் காலிஃப்ளவர். பெரியப்பா தட்டைக் கையால் மூடிக்கொண்டு என்னைப் பார்த்தார். பரிமாறிய சர்தார்ஜி தாத்தா விஷயத்தைக் கேட்டதும் சிரித்துவிட்டு இன்னொரு கரண்டி பருப்பு ஊற்றினார். சாப்பிட்டதும் பெரியம்மாவைக் காணோம். சமையல் கூடத்தில் பஞ்சாபிப் பெண்களோடு உட்கார்ந்து ரொட்டி இட்டுக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை இந்தி தெரியாது. “இவங்க மாவு தளர்வா பிசையறாங்க” என்று என்னிடம் மட்டும் குறை சொன்னார்.

ஆறு மணிக்கு வீடு, இருட்டு. கட்டுச்சோறு, இட்லி மிளகாய்ப்பொடி, இரண்டு பிளாஸ்க். இவர் போய் ஏற்றிவிட்டு வந்தார்.

ஜனவரி 13, செவ்வாய்

ஆபீஸ். பஞ்சாபிகளின் லோஹ்ரி பண்டிகை என்பதால் மத்தியானமே பாதிப் பேர் இல்லை. தெருமுனையில் விறகு அடுக்கியிருக்கிறார்கள். கை நிறைய வேர்க்கடலையும் ரேவடி என்கிற எள் மிட்டாயும் கொடுத்தார்கள்.

பெரியப்பாவிடமிருந்து போன்: ஆக்ராவுக்கு அப்புறம் பனி விட்டுவிட்டது, வண்டி நன்றாக ஓடுகிறது. ஏமாற்றமாகத்தான் சொன்னார்.

ஜனவரி 16, வெள்ளி

ஊரிலிருந்து போன். பொங்கல் நல்லபடியாக ஆயிற்று. கோயில் வாசலில் உட்காருகிற அவருடைய ரயில்வே சகாக்களிடம் மெட்ராஸ் நேரத்தைச் சொல்லியிருக்கிறார், ஒருவர் நம்பவில்லையாம். ஆதாரம் அனுப்பு என்கிறார். அடுத்த தடவை செவ்வாய்க்கிழமை வருகிற மாதிரி டிக்கெட் போடச் சொல்லியிருக்கிறேன். பெரியம்மாவுக்கு லங்கர் பருப்பில் என்ன போட்டார்கள் என்று தெரிய வேண்டும். எனக்கும் தெரியாது, கீழ் வீட்டு மாமியைக் கேட்க வேண்டும், அப்படியே அந்தப் பட்டியலையும் திருப்பிக் கொடுக்க வேண்டும்.