நெஸ் ஏரிக்கரையில் உருளும் தலை

ஸ்காட்லாந்துக்கு என்னைப் பார்க்க வருகிற சொந்தக்காரர்கள் எல்லாரையும் நெஸ் ஏரியின் மேற்குக் கரையில் இருக்கிற இடிந்த கோட்டைக்குக் கூட்டிப் போய், படம் எடுத்துக் கொடுத்து அனுப்பிவிடுவது என் வழக்கம். பெரியம்மா மட்டும்தான், "எதிர்க்கரையில என்னடா இருக்கு?" என்று கேட்டார்.

எதிர்க்கரையில் இருப்பது பொலெஸ்கின் வீடு. இன்வர்னெஸ்ஸிலிருந்து வருகிற குறுகலான பி852 சாலையில், ஃபாயர்ஸ் ஊருக்குச் சற்று முன்னால், ஏரியைப் பார்த்த மேட்டில் நிற்கிறது. 1760களில் ஃப்ரேசர் குடும்பத்தார் வேட்டைக்கு வந்தால் தங்கக் கட்டியது என்பார்கள். மாளிகை என்று நினைத்துப் போனால் ஏமாற்றம்தான். ஒரே தளமாக நீண்டு கிடக்கிற வீடு.

கதைகளுக்கு மட்டும் பஞ்சமே இல்லை. அந்த இடத்தில் முதலில் ஒரு சர்ச் இருந்ததாம், தீப்பிடித்து உள்ளே இருந்த சனங்களோடு எரிந்ததாம். அப்புறம் 1899-இல் அந்த வீட்டை அலெஸ்டர் கிரவுலி வாங்கினார். மந்திரவாதி என்று பேர் வாங்கிய ஆசாமி. அப்ரமெலின் என்கிற பல மாதச் சடங்குக்கு ஆள் நடமாட்டமில்லாத வீடு வேண்டும், வடக்கே திறக்கிற கதவு வேண்டும், கதவுக்கு வெளியே ஆற்று மணல் பரப்பிய திண்ணை வேண்டும். நம்மூர் வாஸ்துக்காரர்களே தோற்றுப்போவார்கள். சடங்கைப் பாதியில் விட்டுவிட்டு 1900-இல் பாரிஸ் போய்விட்டார். கூப்பிட்ட பேய்களைத் திருப்பி அனுப்பவில்லை, அவை இன்னும் அங்கேதான் இருக்கின்றன என்பது ஊர்ப்பேச்சு. நெஸ் ஏரியில் இருப்பதாகச் சொல்கிற மிருகத்தையும் அவர்தான் கிளப்பிவிட்டார் என்று சொல்கிறவர்கள் உண்டு.

எனக்குப் பிடித்த கிரவுலி கதையில் பேயே கிடையாது. ஃபாயர்ஸில் விபச்சாரம் கண்ணில் படும்படி இருக்கிறது என்று ஒழுக்கக் காவல் சங்கம் ஒன்றுக்கு லண்டனுக்கு எழுதிப் போட்டார். அவர்கள் ஆள் அனுப்பி விசாரித்து, அப்படி ஒன்றும் இல்லையே என்று பதில் எழுதினார்கள். இல்லை என்பதுதான் கண்ணில் படுகிறது என்று திருப்பி எழுதினார் மனுஷன்.

அவருக்கும் மூத்த பேய் லோவட் பிரபு சைமன் ஃப்ரேசர். அரியணையை மீட்கக் கிளம்பிய ஸ்டூவர்ட் வம்சத்தின் பக்கம் சேர்ந்த குற்றத்துக்காக 1747 ஏப்ரலில் லண்டன் டவர் ஹில்லில் தலையை வெட்டினார்கள். பிரிட்டனில் அப்படித் தலை வெட்டப்பட்ட கடைசி ஆள் அவர்தான். அந்தத் தலை பொலெஸ்கின் நடைக்கூடத்தில் ராத்திரி உருளுகிறதாம். 1970களில் வீட்டை வாங்கிய லெட் செப்பெலின் ராக் இசைக்குழுவின் கிட்டார்காரர் ஜிம்மி பேஜ் அங்கே தங்கியதே குறைவு. வீட்டைப் பார்த்துக்கொண்ட அவருடைய நண்பர்தான் அந்த உருளும் சத்தத்தைக் கேட்டதாகச் சொன்னவர். கதவைத் திறந்ததும் நின்றுவிடுமாம். அப்படியும் அந்த நண்பர் குடும்பத்தோடு அங்கேயே வருஷக்கணக்கில் இருந்தார்.

"லண்டன்ல வெட்டின தலை இங்க எதுக்கு வந்து உருளுது?" என்றார் பெரியம்மா. நியாயம்தானே? அதுவும் அவர் செத்த பிறகு கட்டிய வீட்டில். உடல் கிர்க்ஹில் வார்ட்லா சமாதிக்கு ரகசியமாக வந்து சேர்ந்தது என்று அந்தக் குலத்தார் நம்பி வந்தார்கள். அந்தச் சமாதியின் ஈயப் பெட்டியில் இருந்த எலும்புகளை டண்டீ பல்கலைக்கழகத்தின் சூ பிளாக் பரிசோதித்து, 2018-இல் முடிவைச் சொன்னார். தலையில்லாத எலும்புக்கூடுதான், ஆனால் ஓர் இளம்பெண்ணுடையது. அவள் யார் என்பதற்கு ஒரு பேய்க்கதைகூட இல்லை.

வீட்டுக்கு எதிரே, சாலைக்குக் கீழே, பழைய கல்லறைத் தோட்டம். வருகிறவர்கள் வீட்டை எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள். நாங்கள் இறங்கினோம். ஓரத்தில் ஒரு சின்னக் கல் கட்டடம். பிணந்திருடர்கள் காலத்தில் புதுக் குழிகளை ராத்திரி காவல் காத்தவர்கள் ஒதுங்கிய இடம். ஒரு கல்லறைப் பலகையில் துப்பாக்கிக் குண்டு பட்ட வடு. 1746, ஸ்டூவர்ட் படை தோற்ற கல்லோடன் போர் முடிந்த சமயம். சவ ஊர்வலம் வந்தபோது அரசுப் படையின் உணவு வண்டி அந்த வழியே போக, யாரோ ஒருவர் அதிலிருந்த ரொட்டியை எடுத்து நாய்களுக்குப் போட்டாராம். சிப்பாய்கள் சுட்டார்கள். கல்லில் பாசி வட்டம் வட்டமாகப் படர்ந்திருக்கிறது, குண்டு வடுவைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். பெரியம்மாவுக்கு உருளும் தலையைவிட இதுதான் பிடித்தது. எனக்கும்தான்.

வீடு 2015 டிசம்பரில் எரிந்தது, 2019 ஜூலையில் திரும்பவும் எரிந்தது. இரண்டு தடவையும் சாபம் என்றார்கள். அப்புறம் ஓர் அறக்கட்டளை அதைப் பழையபடி கட்டியெழுப்ப இறங்கியது. போகிறவர்கள் கல்லறைத் தோட்டத்துக்கும் அரை மணி ஒதுக்குங்கள். சாலை குறுகல், எதிரே வண்டி வந்தால் ஒதுங்குகிற இடத்தில் காரை நிறுத்திவிட்டுப் போகாதீர்கள், உள்ளூர்க்காரர்கள் திட்டுவார்கள்.